விழுந்தவன் கட்டும் வரி

முப்பந்தல் காற்றாலைகளையும், நாஞ்சில் நாட்டு வயல்களையும், குலசேகரத்து ரப்பர்த் தோட்டங்களையும், குளச்சல் மணற்கரையையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்பது குமரி மாவட்டத்துக்கு வரும் பிரயாணிகளுக்கு எப்போதும் வியப்பளிக்கிற விஷயம். 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் இத்தனை விதமான நிலம் வேறெங்கே உண்டு என்று அவர்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் அந்தப் பிரயாணி காரில் வந்திருந்தால் அவருடைய வியப்பு அதோடு நின்றுவிடும். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாலோ, நிலத்தின் வகை மாறுகிற இடத்திலெல்லாம் சாலையின் மேற்பரப்பும் மாறுகிறது என்பதையும், ஒவ்வொரு மேற்பரப்பும் மனிதனைக் கீழே தள்ளுவதற்குத் தனக்கென்று ஓர் உபாயம் வைத்திருக்கிறது என்பதையும் அவர் சேர்த்தே தெரிந்துகொண்டு ஊர் திரும்புவார்.

விழுந்தால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு நம் நாட்டில் பாதி விடைதான் கிடைக்கும். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். சாலைக் குழிகளால் மாண்டவர்கள் மட்டும் 1,856 பேர். இறந்தவர்களை இவ்வாறு எண்ணி வைத்திருக்கிறோம். முழங்கைத் தோல் உரிந்து எழுந்து, கோணிப்போன ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்து வர்க்‌ஷாப்புக்குப் போய், ஒரு வாரச் சம்பாத்தியத்தை அங்கே வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் எந்த அறிக்கையும் சொல்வதில்லை. சாலையைச் செப்பனிடாமல் தள்ளிப்போடும்போது சர்க்காருக்கு மிச்சமாவதாகத் தோன்றுகிற பணம் உண்மையில் மிச்சமாவதில்லை. அது சிறு சிறு பில்களாகச் சிதறி, ஊர்தோறும் உள்ள வர்க்‌ஷாப்புகளில் வசூலாகிறது. சட்டசபையில் விவாதிக்கப்படாத, வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத இந்த வரியைச் சாலையைக் கெடுத்தவன் கட்டுவதில்லை என்பதுதான் இதில் உள்ள அநீதி.

நல்ல சாலை இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணைவதற்கு முன்னால், இது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக இருந்த காலத்தில், திவான் சி.பி. இராமசுவாமி ஐயரின் நிர்வாகத்தில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை சிமெண்ட் கான்கிரீட் சாலை போடப்பட்டது. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் தார்ச் சாலையே அபூர்வமாக இருந்த நாட்களில் அது பெரிய காரியம். திவானைப் பற்றி வேறு விஷயங்களில் எத்தனை அபிப்பிராய பேதம் இருந்தாலும், ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காண்கிற நாட்டுக்குக் கான்கிரீட்டைத் தேர்ந்தது விவேகமான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் விடைபெறுகிறது. சாலை உலர்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடுகிறது. தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தார்ச் சாலைக்குக் கிடைக்கிற நீண்ட வறண்ட ஓய்வு இங்கே கிடையாது.

தார்ச் சாலை கெடுவதற்கு நீர் ஒரு காரணம், பாரம் இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்தால்தான் நாசம் பூர்த்தியாகிறது. மேற்பரப்பில் மயிரிழைபோல் விழுந்த வெடிப்பு வழியே இறங்கும் நீர், ஜல்லியைப் பிடித்திருக்கும் தாரை மெல்ல விலக்கி, அடியிலுள்ள மண்படுகையை இளக்கிவிடுகிறது. அதன்மேல் கனத்த சக்கரம் ஏறும்போது, போக வழியின்றி அகப்பட்ட நீர் அழுத்தப்பட்டு, சேற்றோடும் பொடியோடும் வெடிப்பு வழியே பீறிட்டு வெளியேறுகிறது. இது பல்லாயிரம் முறை நடந்தபின் ஒருநாள் காலையில் மேற்பரப்பு உள்ளே சரிந்து குழியாகிறது. ஆகவே சாலையோரத்து ஓடையைத் தூர்த்து, தார் விளிம்பு வரை மதில் கட்டிக்கொண்டவர்கள், தங்கள் வீட்டு வாசலில் விழுந்த குழிக்கு நெடுஞ்சாலைத் துறையை மட்டும் நிந்திப்பது முழு நியாயமாகாது.

பாரத்தின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டு ஒரு மாபெரும் பரிசோதனை நடத்தினார்கள். ஓர் அச்சு சாலைக்கு விளைக்கும் சேதம் அது சுமக்கும் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது என்பது அதன் முடிவு. அதாவது பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சு சுமக்கலாமென்று அனுமதித்திருந்த 10.2 டன்னை, 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் உயர்ந்தது நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் குறைவு. மேற்சொன்ன விதிப்படி சேதம் உயர்வது நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். இனி மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். அதன் பின்சக்கரம் 150 கிலோ தாங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அத்தகைய சக்கரங்கள் சுமார் மூன்றரைக் கோடி முறை உருண்டால் உண்டாகும் தேய்மானத்தை, சட்டப்படி பாரம் ஏற்றிய ஒரே லாரி அச்சு ஒரு முறை கடந்து உண்டாக்கிவிடுகிறது. இந்த விதி உத்தேசமானதுதான், இவ்வளவு சிறிய பாரத்துக்கு அதை நீட்டுவது சாஸ்திரீயமாகச் சரியல்ல என்று ஓர் எஞ்சினியர் ஆட்சேபிக்கலாம். ஆனால் கோடியை லட்சமாகக் குறைத்துக்கொண்டாலும் முடிவு மாறப் போவதில்லை. நெல்லைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு, குமரி மாவட்டத்தை வெறும் நடைபாதையாக்கிக் கேரளம் செல்லும் டாரஸ் லாரிகளைப் பற்றி இங்குள்ள ஜனங்கள் முணுமுணுப்பது வெறும் பொறாமையல்ல. அவை சட்டப்படியான பாரத்துக்கு மேல் ஏற்றும்போது நான்காம் படி என்ன கோலம் கொள்ளும் என்பதை வாசகர்களே யூகிக்கலாம்.

குழி ஒன்றுதான் ஆபத்து என்று நினைப்பது வெளியூர்க்காரர் வழக்கம். குழியாவது கண்ணுக்குத் தெரிகிறது. நீர் நிறைந்திருந்தால்தான் ஏமாற்றும். உள்ளூரில் ஓட்டுகிறவர்கள் அதைவிட அஞ்சுகிற பொருள்கள் வேறு இருக்கின்றன.

கன்னிப்பூ அறுப்பும் கும்பப்பூ அறுப்பும் வரும் மாதங்களில், களங்கள் குறைந்துபோன நாஞ்சில் நாட்டில் தார்ச் சாலையே களமாகிவிடுகிறது. வைக்கோலை விரித்துப்போட்டு, போகிற வருகிற வாகனங்களே மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவதில் விவசாயிக்குச் செலவு மிச்சம். காரும் பஸ்ஸும் அதன்மேல் மெத்தைமேல் போவதுபோல் போய்விடுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கோ, மினுமினுப்பான அந்தத் தாளின்மேல் பிரேக் பிடித்த மாத்திரத்தில் சக்கரம் வழுக்குகிறது. சில வேளை வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டு பின்சக்கரத்தையே கட்டிவிடுகிறது. நெல்லைக் காய வைப்பவர்கள் அதன்மேல் வண்டி ஏறாதிருக்க விளிம்பில் வரிசையாகக் கல் வைப்பார்கள். மாலையில் நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டிவிடுவார்கள். கல்லை எடுத்துப்போட மறந்துவிடுவார்கள். இருட்டில் வருகிறவனுக்கு அது நெல் காவலுக்கு வைத்த கல் என்று எப்படித் தெரியும்?

கடற்கரைப் பக்கம் போனால் ஆபத்து வேறு உருவம் கொள்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் மீன் ஏற்றிக் கிளம்பும் டெம்போக்கள், ஐஸ் கரைந்த நீரும் மீன் கொழுப்பும் கலந்த திரவத்தை வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகின்றன. வண்டி சாய்கிற வளைவில்தான் அது அதிகம் சிந்துகிறது. மோட்டார் சைக்கிள் சாய வேண்டிய இடமும் அந்த வளைவுதான். காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணல் இன்னொரு சத்துரு. தார் மேல் பொடிமணல் படிந்தால் டயர் சாலையைத் தொடுவதே இல்லை. மேற்கே ரப்பர் நாட்டிலோ, மார்கழி, தை மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து, பனியில் நனைந்த சருகு சாலையை மூடிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் வெயில் படாத தோட்டத்து வழிகளில் பாசி பிடிக்கிறது. விடிவதற்கு முன்பே டார்ச் விளக்கோடு மொபெட்டில் தோட்டத்துக்குப் புறப்படுகிற பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்த இரண்டும் நித்திய அபாயம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் அறைந்து வண்டியைச் சாலை விளிம்புக்குத் தள்ளும். காற்றினால் மட்டும் விழுகிறவர்கள் குறைவு. தார்மேல் தார் போட்டுப் போட்டு விளிம்பு அரையடி உயர்ந்து, கீழே இறங்கிய சக்கரம் மீண்டும் ஏற முடியாத படியாக அமைந்துவிடுவதால்தான் விழுகிறார்கள். நாகர்கோவில் நகருக்குள் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி மூடிய பள்ளங்கள் மழையில் அமுங்கி, சாலையின் நீளத்துக்கு ஒரு வாய்க்கால்போல் ஆகிவிடுகின்றன. சக்கரம் அதற்குள் இறங்கினால் ஹேண்டிலைத் திருப்பி வெளியே வருவது சாமர்த்தியமான காரியம். தரைமேல் போட்ட சாலைதான் இப்படி என்று சொல்லவும் இடமில்லை. திறக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆவதற்குள், 2024 மே மாதத்தில், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தளத்திலேயே ஓட்டை விழுந்தது.

இவையெல்லாம் நான்கு சக்கர வாகனத்தை ஏன் கவிழ்ப்பதில்லை என்பதற்கு விளக்கம் எளிது. மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுகிற பரப்பு மிகச் சிறியது. வேகத்தைக் குறைப்பது, திரும்புவது, சாயாமல் நிற்பது ஆகிய மூன்று வேலைகளையும் அந்தச் சிறிய பரப்பின் உராய்வே செய்தாக வேண்டும். சாலை ஈரமானால் உராய்வு வெகுவாகக் குறைகிறது. மணலோ எண்ணெயோ படிந்தால் இன்னும் மோசம். அந்நிலையில் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடிக்கிறவனுக்கு, முன்சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டியை மீட்பது பெரும்பாலும் இயலாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். எனப்படும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சாதனம் கட்டாயமாக்கப்பட்டது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சாதனமும் இல்லாத உராய்வை உண்டாக்கித் தர முடியாது.

சரி, விழுந்தாயிற்று, இனி வர்க்‌ஷாப். “அண்ணாச்சி, எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால், “பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும் மக்கா” என்பதே எல்லா ஊரிலும் முதல் பதில். இதைத் தந்திரம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இது சத்தியம். பக்கவாட்டில் வழுக்கி விழுந்த வண்டியில் வெளியே தெரியும் சேதம், அதாவது கண்ணாடி, இண்டிகேட்டர், கிளட்ச் லீவர், ஃபுட்ரெஸ்ட், கீறிய டேங்க், உடைந்த டூம் ஆகியவை, கண்ணுக்குப் பயங்கரமாக இருந்தாலும் ஆபத்தில்லாதவை; லெக் கார்டு வளைந்திருந்தால் அது தன் கடமையைச் செய்திருக்கிறது என்றே பொருள். குழியில் நேராக இறங்கிய வண்டியில் நிலைமை நேர்மாறு. வெளியே கீறல்கூட இராது; ஆனால் ரிம் நெளிந்திருக்கும், ஃபோர்க் பைப் நூலளவு வளைந்து ஆயில் சீல் கசியத் தொடங்கியிருக்கும், ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள கோன் செட்டில் குண்டுகள் பள்ளம் பதித்திருக்கும். கையை இலேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, நேராக வரும்போது ஹேண்டில் ஏதோ ஓரிடத்தில் பிடித்துக்கொள்கிறது என்றால் இவற்றில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது.

இங்கேதான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வழி பிரிகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வளைந்த பொருளை நிமிர்த்தும் வழக்கமில்லை, மாற்றிவிடுவார்கள். தெருமுனை வர்க்‌ஷாப்பில் ஃபோர்க் பைப்பை லேத்துக்கு அனுப்பிப் பெண்டு எடுத்து வாங்கிப் பூட்டுவார்கள்; செலவு வெகுவாகக் குறையும். சிறிய வளைவை நிமிர்த்துவதில் தோஷமில்லை என்பது அனுபவசாலிகளின் கட்சி. ஆனால் மடிந்த அளவுக்கு வளைந்த பைப்பை நிமிர்த்துவதும், விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைப்பதும் மிச்சப்படுத்துவதாகாது. அடுத்த குழிக்கு உயிரை ஈடு வைப்பதாகும். தலைக்கவசத்தையும் இந்தப் பில்லில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலரும் அறியார். அதன் உட்புறத் தெர்மோகோல் போன்ற பொருள் ஒரே ஒரு மோதலில் நசுங்கித் தலையைக் காப்பாற்றுவதற்காக அமைந்தது. வெளியே முழுசாகத் தெரிந்தாலும், பலமாக அடிபட்ட கவசம் மறுமுறை உதவாது.

“இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்பார்கள். எந்த இன்சூரன்ஸ் என்று கேட்பதற்குள் பாதிப் பேர் மௌனமாகிவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனம் வாங்குகிறவர்கள் ஐந்து ஆண்டுக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். அது நம்மால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டும் உரியது. சொந்த வண்டிக்கான பகுதி பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. காகிதத்தில் ஐந்து ஆண்டு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டு திரிகிறவன், இரண்டாம் ஆண்டில் குழியில் விழுந்தால் சல்லிக்காசு பெயராது.

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் பில் முழுவதும் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக், ரப்பர்ப் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. டயர் மட்டும் வெடித்து வண்டிக்கு வேறு சேதமில்லையென்றால் ஒன்றுமே கிடையாது. மூன்றரை வயதான ஒரு வண்டிக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் 4,000, உலோகப் பாகங்கள் 3,000, பெயிண்ட் 1,000, கூலி 1,000 என்று 9,000 ரூபாய் பில் வருவதாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கில் பாதி, அந்த வயதுக்குரிய உலோகத்தில் கால் பங்கு, பெயிண்டில் 125 ரூபாய், கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய் எல்லாம் போக, கம்பெனி தருவது 6,025. நம் கையிலிருந்து போவது 2,975. சற்றே கூடுதல் பிரீமியம் கட்டித் தேய்மானக் கழிவில்லாத பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தொகையில் பெரும்பகுதி தப்பியிருக்கும்.

சின்னச் சேதத்துக்கு விண்ணப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. விண்ணப்பிக்காத முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை முறையே 20, 25, 35, 45, 50 சதவிகிதம். மூன்று ஆண்டு விழாமல் ஓட்டியவர் நான்காம் ஆண்டில் ஒரு முறை விண்ணப்பித்தால், பின்வரும் ஆண்டுகளில் அவர் இழக்கும் சலுகைகளை எல்லாம் கூட்டினால், சொந்த வண்டிக்கான ஓராண்டுப் பிரீமியத்தைப்போல் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்தப் பிரீமியம் 1,000 ரூபாய் என்றால் இழப்பு ஏறத்தாழ 1,200. கிடைக்கப்போகும் தொகை அதைவிடக் குறைவாயின் பேசாமல் கையிலிருந்து கொடுத்துவிடலாம். அதிகமாயின் கூசாமல் விண்ணப்பிக்கலாம். எப்படியாயினும், வண்டியைப் பிரிக்கும் முன்பே, விழுந்த இடத்திலேயே குழியோடு சேர்த்துப் படமெடுத்துக் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

சாலையைப் போட்டவனிடம் ஈடு கேட்க முடியாதா? 2019ஆம் ஆண்டு திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காத அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் மரணமோ அங்கவீனமோ நேர்ந்தால்தான் அந்தப் பிரிவு விழித்துக்கொள்ளும். அபராதமும் விபத்து நிதிக்குத்தான் போய்ச் சேரும். குழியில் விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கு ஆறு லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவும் உயிருக்கும் உடலுக்கும் உரியது. ஃபோர்க் வளைந்தவனைச் சட்டம் இன்னும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

பரிகாரங்கள் தெரியாதவையல்ல. இயற்கை ரப்பரைக் கலந்த தார் வெயிலில் இளகாமலும் எளிதில் வெடிக்காமலும் நிற்கும் என்பது நெடுநாளாக அறிந்த உண்மை; தமிழகத்தின் ரப்பர் ஏறக்குறைய முழுவதும் விளைகிற மாவட்டம் இது; அரசு ரப்பர்க் கழகத்தின் தலைமையகம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் கலந்த தார் முறைக்குப் பத்மஸ்ரீ விருதும் கொடுத்தாயிற்று. புதிய முறைகள் கிடக்கட்டும், குழி அடைப்பதையாவது ஒழுங்காகச் செய்தால் பெரிய உபகாரம். குழியைச் சதுரமாக வெட்டி, பொடியை நீக்கி, உலர்த்தி, தார்க் குழம்பு பூசி, அடுக்கடுக்காக நிரப்பி இடிக்க வேண்டும். நீர் தேங்கிய குழியில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனால், மறுநாளே அது சிதறிச் சாலையெங்கும் உருண்டு, குழியைவிடக் கொடிய விபத்துக்கு வித்திடுகிறது.

குழியைக் கண்டவர்கள் நெடுஞ்சாலைத் துறை 2023இல் தொடங்கிய ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண் இருக்கிறது. ஆனால் இருக்கிற நோய்க்கு வேரில் மருந்து வேறு. பாரம் மிகுந்த லாரிக்கு இருபதாயிரம் ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு இரண்டாயிரமும் அபராதம் என்று அதே 2019 திருத்தம் விதித்திருக்கிறது. சந்தேகப்பட்ட வண்டியை நிறுத்தி எடைமேடைக்கு அனுப்பவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. மாவட்ட எல்லைகளில் இரவு பகலாக அந்த எடைமேடைகளைப் பயன்படுத்துங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தை நாம் ஒவ்வொரு மனுவிலும் வற்புறுத்த வேண்டும்.